3-இல் முடியும் முகவரி

2018-ஆம் ஆண்டைத் தூத்துக்குடி மறக்காது. ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்த போராட்டத்தின்போது மே 22-ஆம் தேதியும் மறுநாளும் போலீஸ் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள். அதையொட்டி தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களில் இணையச் சேவையை ஐந்து நாட்களுக்கு நிறுத்திவைக்க அரசு உத்தரவிட்டது. வதந்தி பரவாமல் தடுக்கத்தான் என்று காரணம் சொல்லப்பட்டது. வதந்தியோடு சேர்ந்து உண்மைச் செய்தியும் நின்றுபோனது.

அதே ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஒரு பொதுநல வழக்கு தொடுக்கப்பட்டது. தூத்துக்குடி மாவட்டமும் அந்தக் கிளையின் எல்லைக்குள்தான் வருகிறது. ஆபாசப் படங்கள் பிள்ளைகளின் கையில் எளிதாகக் கிடைக்கின்றன; எதை வீட்டுக்குள் விடலாம், எதை விடக்கூடாது என்று பெற்றோரே தீர்மானிக்கும் வசதியை இணைய நிறுவனங்கள் தர வேண்டும் என்று வழக்கு கேட்டது. ‘பேரண்டல் விண்டோ’ என்பது அந்த வசதிக்கு மனுவில் இருந்த பெயர். தீர்ப்பு 2025 டிசம்பரில் வெளிச்சத்துக்கு வந்தது. நீதிபதிகள் ஜி. ஜெயச்சந்திரன், கே.கே. ராமகிருஷ்ணன் அமர்வு, அப்படிப்பட்ட வசதியைத் தரும் பொறுப்பு இணைய நிறுவனங்களுக்கு உண்டு என்றது. 16 வயதுக்கு உட்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்க ஆஸ்திரேலியா தடை விதித்திருப்பதுபோல இங்கும் சட்டம் கொண்டுவருவது பற்றி மத்திய அரசு யோசிக்கலாம் என்றது. அதுவரை பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் விழிப்புணர்வை வேகமாகக் கொண்டுசெல்லச் சொன்னது. நல்ல தீர்ப்புதான். ஆனால் வழக்கு தொடுக்கப்பட்டபோது பத்து வயதாக இருந்த பிள்ளைக்குத் தீர்ப்பு வரும்போது பதினேழு.

2018-இல் மூன்றாவதாக ஒன்றும் நடந்தது. ஆகஸ்டில் கூகுள் வெளியிட்ட ஆண்ட்ராய்டு 9-இல், செட்டிங்ஸ் பக்கத்தின் உள்ளே ‘பிரைவேட் டிஎன்எஸ்’ என்று ஒரு வரி புதிதாக வந்தது. மனுவில் கேட்கப்பட்ட சாளரத்தின் ஒரு பாதி அதில் இருக்கிறது. காசு கொடுக்க வேண்டியதில்லை. எந்த நிறுவனத்தின் அனுமதியும் வேண்டியதில்லை. உங்கள் வீட்டு ஆண்ட்ராய்டு போன் கடந்த சில ஆண்டுகளில் வாங்கியது என்றால் அதிலும் அந்த வரி இருக்கும். அந்தப் பாதி எப்படி வேலை செய்கிறது, மறு பாதி ஏன் எந்தப் போனிலும் இல்லை என்பதே இந்த அத்தியாயம்.

இணையத்தில் எந்தக் கணினிக்கும் உண்மையான அடையாளம் எண்தான். மனிதர்களுக்கு எண்ணை நினைவில் வைத்துக்கொள்வது கடினம் என்பதால் பெயர் வைத்தோம். தொடக்க காலத்தில் வலையில் இணைந்திருந்த கணினிகள் கொஞ்சம்தான். எல்லாப் பெயர்களும் எண்களும் ஒரே ஒரு கோப்பில் அடங்கின. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு அந்தக் கோப்பைப் பராமரித்தது. வலை பெருகப் பெருகக் கோப்பு தாங்கவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் பெயர்ப் பட்டியலை ஒரே இடத்தில் வைக்காமல் உலகம் முழுக்கப் பிரித்து வைக்கும் முறையை வகுத்தார். அதுதான் டிஎன்எஸ்.

உங்கள் பிள்ளை ஒரு தளத்தின் பெயரைத் தட்டியதும், போன் முதலில் அந்தத் தளத்துக்குப் போவதில்லை. பெயரை எடுத்துக்கொண்டு ஒரு டிஎன்எஸ் வழங்கியிடம் போய், ‘இதற்கு எண் என்ன?’ என்று கேட்கிறது. வழக்கமாக அந்த வழங்கி, நீங்கள் ரீசார்ஜ் செய்யும் நிறுவனத்துடையது. விடை தெரியாவிட்டால் அது மேலிடத்து வழங்கிகளை ஒவ்வொன்றாகக் கேட்டு, எண்ணை வாங்கிப் போனிடம் தருகிறது. கண் இமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும் இந்தக் கேள்வி பதிலில்தான் இலவச வடிகட்டிகள் வேலை செய்கின்றன. கேள்வியை வேறொரு வழங்கிக்குத் திருப்பிவிட்டால் போதும். அந்த வழங்கி, கேட்கப்பட்ட பெயர் ஆபாசத் தளங்களின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் சரியான எண்ணைத் தரும். இருந்தால், உதாரணமாக, 0.0.0.0 என்று பதில் சொல்லும். எங்கும் போய்ச் சேராத முகவரி அது. பக்கம் திறக்காது.

கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் இப்படிப்பட்ட வழங்கியை 2020 ஏப்ரல் 1-ஆம் தேதி வெளியிட்டது. அதன் எண் 1.1.1.3. அதே குடும்பத்தில் 1.1.1.1 எதையும் வடிகட்டாது, 1.1.1.2 தீங்கு செய்யும் நிரல்களைப் பரப்பும் தளங்களை மட்டும் நிறுத்தும். 3-இல் முடிவது அவற்றோடு ஆபாசத் தளங்களையும் நிறுத்தும். ஓப்பன்டிஎன்எஸ் நிறுவனத்தின் ‘ஃபேமிலிஷீல்டு’ இதற்குப் பத்தாண்டு மூத்தது; எண் 208.67.222.123. கிளீன்பிரௌசிங் என்பதன் குடும்ப வடிகட்டி இன்னும் கண்டிப்பானது: கூகுள், பிங் தேடலையும் யூடியூபையும் பாதுகாப்பு முறைக்கு மாற்றிவிடும், தடையைச் சுற்றிப் போக உதவும் விபிஎன் தளங்களையும் மூடும், நல்லதும் கெட்டதும் கலந்து கிடக்கும் ரெட்டிட் போன்ற தளங்களை முழுவதாகவே மறுக்கும். எட்டு வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு நான் இதைத்தான் சொல்வேன். பாடத்துக்காகப் பத்து இடம் தேடும் பிளஸ் 2 மாணவிக்கு 1.1.1.3 போதும்.

இப்போது ஒரு சிக்கல். இணையத்தில் பிள்ளைகளைப் பாதுகாப்பது பற்றிய வழிகாட்டிக் குறிப்புகளில் பல, வீட்டில் வைஃபை ரவுட்டர் இருக்கிறது, பிள்ளைக்கென்று தனிப் போனோ டேப்லெட்டோ இருக்கிறது, அப்பா மாலையில் வீடு திரும்புகிறார் என்று எடுத்துக்கொண்டு எழுதப்பட்டவை. வேம்பாரிலிருந்து பெரியதாழை வரை நீளும் இந்தத் தூத்துக்குடிக் கரையில் அந்த வீடு எல்லோருக்கும் வாய்க்கவில்லை. விசைப்படகில் போகிறவர் விடியுமுன் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வருவார். தருவைக்குளத்துப் படகுகள் ஒரே போக்கில் பல நாட்கள் கடலில் தங்கும். தோணியிலும் கப்பலிலும் வேலைக்குப் போனவர்கள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வருவதில்லை. வீட்டில் ரவுட்டர் கிடையாது. நாளுக்கு இத்தனை ஜிபி என்று ரீசார்ஜ் செய்த ஒரே ஆண்ட்ராய்டு போன், அம்மாவின் கையிலிருந்து அண்ணன் கைக்கும் அங்கிருந்து தங்கை கைக்கும் போய்வரும். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டு, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை 2021 நவம்பரில்தான் திறந்தன. இடைப்பட்ட காலத்தில் பாடம் வாட்ஸ்அப்பில் வந்தது. பாடத்துக்காகப் பிள்ளையின் கைக்கு வந்த போன் பள்ளி திறந்த பிறகு திரும்பிப் போகவில்லை.

இந்த வீட்டுக்குத்தான் பிரைவேட் டிஎன்எஸ் பொருந்துகிறது. ரவுட்டர் தேவையில்லை. மொபைல் டேட்டாவிலும் வேலை செய்யும், பக்கத்து வீட்டு வைஃபையிலும் வேலை செய்யும். செட்டிங்ஸில் ‘நெட்வொர்க்’ அல்லது ‘கனெக்‌ஷன்ஸ்’ பகுதிக்குள் போய் அந்த வரியைத் தொட்டு, வழங்கியின் பெயரைத் தட்டும் இடத்தில் ‘ஃபேமிலி, புள்ளி, கிளவுட்ஃப்ளேர், சிறுகோடு, டிஎன்எஸ், புள்ளி, காம்’ என்பதை ஆங்கில எழுத்தில் இடைவெளியில்லாமல் தட்டிச் சேமிக்க வேண்டும். கிளீன்பிரௌசிங் வேண்டுமென்றால் ‘ஃபேமிலி, சிறுகோடு, ஃபில்டர், சிறுகோடு, டிஎன்எஸ், புள்ளி, கிளீன்பிரௌசிங், புள்ளி, ஆர்க்’. ஓர் எழுத்து தவறினாலும் நெட் மொத்தமாக நின்றுவிடும். பயப்படாமல் திரும்பப் போய்த் திருத்துங்கள். ஃபைபர் இணைப்பும் ரவுட்டரும் இருக்கும் வீட்டில், ரவுட்டரின் டிஎன்எஸ் பகுதியில் 1.1.1.3, 1.0.0.3 என்ற இரண்டு எண்களையும் போடலாம். ஐபிவி6 என்ற புதிய முகவரி முறையிலும் இணைப்பு இருந்தால் அதற்கான எண்களையும் சேர்த்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் கேள்விகள் அந்த வழியே பழைய வழங்கிக்குப் போய்விடும். வடிகட்டி இருந்தும் இல்லாத கதைதான்.

கூகுளின் ‘ஃபேமிலி லிங்க்’ நல்ல கருவி. ஆனால் பிள்ளைக்கென்று தனிச் சாதனம் இருக்கும் வீட்டுக்குத்தான் அது முழுப் பயன் தரும். ஒரே போனைப் பகிரும் வீட்டுக்கு வேறு மூன்று உண்டு, மூன்றும் இலவசம். பிளே ஸ்டோரில் பின் எண் போட்டுப் பெற்றோர் கட்டுப்பாட்டை வைக்கலாம். வயதுக்கு மீறிய செயலி இறங்காது. சின்னப் பிள்ளைக்கு யூடியூபுக்குப் பதில் யூடியூப் கிட்ஸ். செட்டிங்ஸில் ‘பின்’ செய்யும் வசதியைத் திறந்துவைத்தால், கார்ட்டூன் பார்க்கப் போனைக் கொடுக்கும்போது அந்த ஒரு செயலியை மட்டும் திரையில் பூட்டிக் கொடுக்கலாம். வெளியேறும்போது பூட்டு எண் கேட்கும்படியும் வைத்தால், அதைத் திறக்காமல் பிள்ளை அங்கிருந்து வெளியே வர முடியாது.

இலவசக் கருவிகளுக்கு ஆயுள் உத்தரவாதம் கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டுக் கணினிக்கான இலவச வடிகட்டி என்றால் நெடுங்காலம் ‘கே9 வெப் ப்ரொடெக்‌ஷன்’ பெயரைத்தான் சொல்வார்கள். அது கைமாறிக் கைமாறி, 2019-இல் கைவிடப்பட்டது. ஆகவே பள்ளிக் கூட்டத்தில் யாரோ ஒரு செயலியின் பெயரைச் சொன்னால், அது இன்றும் பராமரிக்கப்படுகிறதா என்று பார்த்துவிட்டு நிறுவுங்கள்.

அரசும் நீதிமன்றமும் மொத்தமாகத் தடுத்துப் பார்க்காமல் இல்லை. 2015 ஜூலை 31-ஆம் தேதி 857 தளங்களை முடக்கத் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டு, எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாட்களிலேயே பின்வாங்கியது. 2018-இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்ற உத்தரவை அடுத்து 827 தளங்கள் மூடப்பட்டன. பெயரில் ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டு பல தளங்கள் திரும்ப வந்தன. 2019 ஏப்ரலில் மதுரைக் கிளை டிக்டாக் செயலிக்குத் தடை விதித்தது. ஆப் ஸ்டோர்களிலிருந்து செயலி நீங்கியது, ஏற்கெனவே போனில் வைத்திருந்தவர்கள் தொடர்ந்து பார்த்தார்கள். மூன்று வாரத்தில் தடையும் விலகியது. பட்டியல் போட்டு மூடும் வேலை, தினமும் பட்டியலைப் புதுப்பிக்கிறவர் இருந்தால்தான் நிற்கும். டிஎன்எஸ் வடிகட்டியின் பலம் அங்கேதான். அதன் பட்டியல் தொடர்ந்து திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கிறது. அதிலும் பிழை வரும். 1.1.1.3 வெளியான உடனேயே, ஆபாசத்துக்குத் தொடர்பில்லாத பால்புதுமையினர் தளங்களை அது மறைத்தது. தவறான பட்டியலை எடுத்துவிட்டோம் என்று நிறுவனம் வருத்தம் தெரிவித்துத் திருத்தியது. உதவி தேடும் ஒரு பிள்ளைக்கு வழியை அடைப்பதும் தீங்குதான். வடிகட்டி போட்ட வீட்டில், ‘எனக்குத் தேவையான பக்கம் திறக்கவில்லை’ என்று பிள்ளை கேட்க இடம் இருக்க வேண்டும்.

அடுத்து, இந்த வடிகட்டியால் முடியாதது. தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வரும் கண்டெய்னரின் வெளியே எண் இருக்கும்; எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று காகிதம் சொல்லும்; கதவில் முத்திரை இருக்கும். டிஎன்எஸ் வடிகட்டி படிப்பது அந்த வெளி எண்ணை மட்டும். உள்ளே இருப்பதை அது பார்ப்பதே இல்லை. இன்றைய தளங்களில் பெரும்பாலானவை எச்டிடிபிஎஸ் முறையில் மறையாக்கம் செய்தே தகவலை அனுப்புகின்றன. யூடியூப் என்ற பெயரை வடிகட்டி அனுமதித்தால், அதற்குள் ஓடும் எந்தக் காணொளி நல்லது, எது கெட்டது என்று அதற்குத் தெரியாது. இன்ஸ்டாகிராமில் யார் என்ன செய்தி அனுப்பினார், வாட்ஸ்அப் குழுவில் எந்தப் படம் வந்தது, ஆன்லைன் விளையாட்டில் கூட ஆடுகிறவர் என்ன கேட்டார் என்பவையும் தெரியாது. சொற்களை வைத்துப் பிடிக்கும் வடிகட்டிகளுக்கு நம் மொழியில் இன்னொரு தடங்கல்: நம் பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுகிறார்கள். ஒரே வசைச்சொல்லை ஐந்து பேர் ஐந்து விதமாகத் தட்டுவார்கள். எந்தப் பட்டியல் அத்தனையையும் பிடிக்கும்? இவை போக, பிரைவேட் டிஎன்எஸ்ஸுக்குப் பூட்டு கிடையாது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை நினைத்தால் அதை அணைத்துவிடலாம்.

அப்படியானால் பயன் எவ்வளவு? ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி, விக்டோரியா நாஷ் இருவரும் ஐரோப்பா முழுவதும் 11 முதல் 16 வயது வரையுள்ள 18,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் திரட்டிய தரவை ஆராய்ந்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே ஒரு பிள்ளை ஆபாசப் படத்தைப் பார்க்காமல் தடுக்க, 17 முதல் 77 வீடுகள் வடிகட்டி போட வேண்டியிருக்கும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். வடிகட்டி விற்கும் நிறுவனங்களின் விளம்பரத்தில் இந்த எண் வராது. இதைப் படித்துவிட்டு வடிகட்டியே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆய்வு பார்த்தது பதின்வயதை எட்டியவர்களையும் எட்டப்போகிறவர்களையும். தேடிப் போகும் வயது அது. ஏழு வயதில் ஓர் எழுத்து தவறித் தட்டியதால் கண்ணில் படுவது வேறு கதை. சின்னப் பிள்ளையைத் தற்செயலான அதிர்ச்சியிலிருந்து காப்பதற்கு இலவசமாக, ஐந்து நிமிடத்தில் போடக்கூடிய ஒன்றைப் போடாமல் இருக்கக் காரணம் இல்லை. அதைப் போட்டுவிட்டோம், இனிக் கவலையில்லை என்று நினைப்பதுதான் ஆபத்து.

பிள்ளையைத் தேடி வருகிற ஆள் ஆபாசத் தளத்தின் வழியே வருவதில்லை. நட்பாகப் பேசுவான். தன் வயதையும் குறைத்துச் சொல்வான். அப்பா ஊரில் இல்லை என்பதைத் தெரிந்துகொள்வான். ஒரு படம் கேட்பான். கிடைத்ததும் அதை வைத்து இன்னொன்று கேட்பான், அல்லது பணம் கேட்பான். இந்த உரையாடலின் எந்த வரியும் 0.0.0.0-ஐத் தொடாது. இங்கே உதவும் தொழில்நுட்பம் வேறு. 2009-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் ஹேனி ஃபரீத் என்ற கணினி அறிவியல் பேராசிரியரும் சேர்ந்து ‘போட்டோடிஎன்ஏ’ என்ற முறையை உருவாக்கினார்கள். ஒரு படத்திலிருந்து கணக்கு மூலம் ஒரு நீண்ட எண்ணை எடுக்கலாம். அந்த எண்ணிலிருந்து படத்தைத் திரும்ப உருவாக்க முடியாது. படத்தின் அளவைக் கொஞ்சம் மாற்றினாலும் எண் ஏறக்குறைய அப்படியே நிற்கும். ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்ட குழந்தை வதைப் படங்களின் எண்களைச் சேர்த்து வைத்தால், யாரும் படத்தைத் திரும்பப் பார்க்காமலேயே அது மீண்டும் பதிவேற்றப்படுவதைப் பிடிக்கலாம். அப்படிப் பிடிபடும் தகவல்கள் அமெரிக்காவில் உள்ள காணாமல்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான தேசிய மையத்துக்குப் போகின்றன. 2019-இல் இந்தியாவின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் அந்த மையத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே திருச்சியில் ஒருவர் கைதானார்.

இதே அடிப்படையில், ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவையை அந்த மையம் 2023-இல் தொடங்கியது. தன் அந்தரங்கப் படம் யாரிடமோ சிக்கிவிட்டது என்று அஞ்சும் 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளை அதைப் பயன்படுத்தலாம். படம் போனை விட்டு வெளியே போகாது. அதன் எண் மட்டும் போகும். சேவையில் சேர்ந்திருக்கும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்கள் அந்த எண்ணை வைத்துப் படத்தைத் தேடி நீக்கும். வாட்ஸ்அப் போன்ற மறையாக்கப்பட்ட உரையாடல்களுக்குள் இதன் கை எட்டாது.

சட்டம் வலுவாகவே இருக்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-இல் வந்தது. பாலியல் நோக்கத்தோடு மின்னணு வழியில் குழந்தையைத் தொடர்ந்து பின்தொடர்வதும் தொடர்புகொள்வதும் அதில் பாலியல் சீண்டலாகவே வரும். குழந்தை வதைப் படங்களைத் தனிமையில் பார்ப்பதும் வைத்திருப்பதும் குற்றமல்ல என்ற சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை 2024 செப்டம்பர் 23-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. இதில் பெற்றோர் அறிய வேண்டியது ஒன்று உண்டு: தன் பிள்ளையின் படம் வெளியாகிவிட்டது என்று பதறி, ஆலோசனைக்காக அதை உறவினருக்கு அனுப்பாதீர்கள். யாருக்கு அனுப்பினாலும் அது பரப்புவதாகிவிடும். மிரட்டியவனின் கணக்குப் பெயர், எண், உரையாடல் ஆகியவற்றை அழிக்காமல் வைத்துக்கொண்டு காவல்துறைக்குப் போங்கள். பணம் கொடுக்காதீர்கள், கொடுத்தால் இன்னும் கேட்பான்.

போனில் இல்லாத மறு பாதி என்று தொடக்கத்தில் சொன்னது இதுதான்: மிரட்டல் வந்த அன்றே பிள்ளை வீட்டில் வாய் திறக்குமா? திறக்காததற்குப் பெரிய காரணம், போன் பறிபோகும், அடி விழும், ‘உன்னால் குடும்ப மானம் போச்சு’ என்ற சொல் வரும் என்ற பயம். கரையோர ஊர்களில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்பதால் பயம் இரட்டிப்பு. மிரட்டுகிறவன் நம்பியிருப்பதும் அந்தப் பயத்தைத்தான். ஆகவே வடிகட்டியைப் பிள்ளைக்குத் தெரியாமல் போடாதீர்கள். பக்கத்தில் உட்கார வைத்து, என்ன செய்கிறோம், ஏன் செய்கிறோம் என்று சொல்லிப் போடுங்கள். பல வீடுகளில் அந்தப் பெயரைத் தப்பில்லாமல் தட்டப்போவதே பிள்ளைதான். அப்போதே இதையும் சொல்லிவிடுங்கள்: என்ன நடந்தாலும் எங்களிடம் வா, போனைப் பிடுங்க மாட்டோம், திட்ட மாட்டோம். சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். அப்பா கடலில் இருக்கிறார் என்றால் அம்மா, சித்தி, தாய்மாமா என்று பிள்ளை நம்பும் ஒருவரின் பெயரை அன்றே முடிவு செய்துவிடுங்கள்.

குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இலவசம், இரவிலும் எடுப்பார்கள், பிள்ளையே கூப்பிடலாம். சைபர் குற்றங்களுக்கு 1930. மத்திய அரசின் சைபர்கிரைம் இணையதளத்தில், குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களைப் பெயர் சொல்லாமலும் புகார் செய்யலாம். இந்த இரண்டு எண்களையும் இன்றே வீட்டுப் போனில் பதிந்து வையுங்கள். பிள்ளையையும் மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள்.